‘ஃபெரல்’ என்ற சொல்லும் நம்முடைய கட்டாக்காலியும்

ஆஸ்திரேலியாவின் ஒட்டகங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் நண்பர் ஒருவர், அதில் அடிக்கடி வரும் ‘ஃபெரல்’ என்ற சொல்லுக்குக் ‘காட்டு’ என்று எழுதினால் போதுமா என்று கேட்டிருக்கிறார். ‘வைல்ட்’ என்ற சொல்லிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது, அதன் வேர் எது என்பவையும் அவருடைய கேள்விகள். போதாது என்பதே என் விடை. ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இச்சொல்லின் பொருள் ஒரு விலங்கின் இயல்பைவிட அதன் வரலாற்றைப் பற்றியது, அந்த வரலாறு விடுபட்டுப் போனால் மொழிபெயர்ப்பு பிழையாகிவிடும்.

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் இதுதான்: மனிதர் வளர்த்த விலங்கு, அல்லது அப்படி வளர்க்கப்பட்ட விலங்கின் வழிவந்தது, மனிதரின் பிடியிலிருந்து விலகித் தானாக வாழ்ந்து தானாகப் பெருகும் நிலை. புலி ஃபெரல் ஆக முடியாது. அது ஒருபோதும் வீட்டில் இருந்ததில்லை. குதிரை, பன்றி, ஆடு, பூனை, புறா, ஒட்டகம் ஆகியவை ஃபெரல் ஆகலாம். அன்றாடப் பேச்சிலும் செய்தித்தாள்களிலும் இச்சொல் ‘மூர்க்கமான’ என்ற பொருளிலும் வழங்குகிறது. அதைப் பின்னால் பார்ப்போம். ஒலிப்பில் ‘ஃபெரல்’, ‘ஃபியரல்’ இரண்டும் உண்டு.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ஃபெருஸ்’ என்றால் பழக்கப்படாத, அடங்காத. ‘ஃபெரா’ என்றால் காட்டு விலங்கு. இவற்றுக்குப் பின்னால் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வேர் ஒன்று நிற்கிறது. அதே வேரிலிருந்துதான் கிரேக்கத்தின் ‘தேரியோன்’, ரஷ்ய மொழியின் ‘ஸ்வேர்’, லித்துவேனிய மொழியின் ‘ஜ்வெரிஸ்’ ஆகியவை வந்தன. மூன்றுக்கும் பொருள் விலங்கு என்பதே. ஆங்கிலத்தில் ‘ஃபியர்ஸ்’, ‘ஃபெரோஷியஸ்’ இரண்டும் லத்தீன் வழியில் இதற்கு உடன்பிறந்தவை. ‘ஃபெரோஷியஸ்’ என்பதன் பின்பகுதியில் கண்ணையும் பார்வையையும் குறிக்கும் ஒரு பழைய வேர் ஒட்டியிருப்பதால், அதன் அடிப்பொருள் ‘காட்டுப் பார்வை கொண்டது’ என்று ஆகிறது. பிரெஞ்சில் இதே வேரின் பிள்ளையான ‘ஃபியேர்’ அடங்காமையிலிருந்து துணிவுக்கும் துணிவிலிருந்து பெருமிதத்துக்கும் நகர்ந்துவிட்டது; இன்று அதற்குப் ‘பெருமிதம் கொண்ட’ என்றே பொருள். அச்சத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஃபியர்’ காதுக்கு நெருக்கமாக ஒலித்தாலும் அது ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தது. இக்குடும்பத்தோடு அதற்கு உறவில்லை.

இக்குடும்பத்தில் யாரும் எதிர்பாராத ஓர் உறவினர் ‘ட்ரீக்கிள்’, அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு. கிரேக்க மருத்துவர்கள் நச்சு விலங்குகளின் கடிக்குக் கொடுத்த முறிமருந்துக்கு ‘தேரியாக்கே’ என்று பெயர். விலங்குக் கடிக்கானது என்பது அதன் பொருள். அது பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவெங்கும் விலையுயர்ந்த லேகியமாக விற்கப்பட்டது. பெயர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்து, மருந்தைக் குறித்த சொல் லேகியத்தின் பாகு போன்ற பதத்தைக் குறிக்கத் தொடங்கி, கடைசியில் பாகையே குறித்து நின்றுவிட்டது. காட்டு விலங்கைக் குறித்த ஒரு வேர் சமையலறை அலமாரிக்கு வந்து சேர்ந்த இந்தப் பாதை சொற்பிறப்பியலில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று.

பழைய ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். எழுத்தளவில் ஒன்றாகவே தோன்றும் வேறொரு ‘ஃபெரல்’ ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குச் ‘சாவுக்குரிய, கொடிய’ என்று பொருள். அது லத்தீனின் ‘ஃபெராலிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர்கள் ஆண்டுதோறும் பிப்ரவரி 21ஆம் நாள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்குப் படையல் கொண்டுசென்றார்கள். அந்த நாளின் பெயர் ஃபெராலியா. படையலைச் சுமந்து செல்வதால் இப்பெயர் வந்தது என்று கவிஞர் ஓவிட், சுமத்தலைக் குறிக்கும் வினையோடு இதை இணைத்து விளக்கினார். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு நோய் ‘ஃபெரல்’ என்று சொல்லப்பட்டால், அந்நோய் உயிரைப் பறிப்பது என்பதே கருத்து. மனத்துயர் பற்றி 1621இல் பெருநூல் வெளியிட்ட ராபர்ட் பர்ட்டன் இந்தப் பொருளில் இதைக் கையாண்டிருக்கிறார். இந்தச் சொல் பின்னர் வழக்கிழந்தது. நம் நண்பரின் ஒட்டகங்களுக்கு இதனுடன் தொடர்பு இல்லை.

விலங்கைக் குறிக்கும் ‘ஃபெரல்’ ஆங்கிலத்தில் 1600ஐ ஒட்டித் தோன்றியபோது அதன் பொருள் வெறுமனே ‘காட்டுத்தனமான, பழக்கப்படாத’ என்பதுதான். வீட்டிலிருந்து விலகியது என்ற இன்றைய பொருள் வலுப்பெற்று நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில், இயற்கை ஆய்வாளர்களின் எழுத்தில். இந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பது ரோமானியச் சட்டத்தை ஒட்டிப் பார்த்தால் விளங்கும்.

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் விலங்குகளை அவற்றின் இனத்தின் இயல்பைக் கொண்டு பிரித்தது. தேனீயும் புறாவும் மயிலும் இயல்பால் காட்டுக்குரியவை. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் அவை உங்கள் சொத்து. வெளியே பறந்து திரும்பி வரும் பழக்கம் உள்ளவற்றுக்குச் சட்டம் ஓர் அழகான அளவுகோலைக் கொடுத்தது: திரும்பி வரும் எண்ணம் அவற்றுக்கு இருக்கும் வரை அவை உங்களுடையவை, திரும்பும் பழக்கம் விட்டுப்போனால் அந்த எண்ணமும் விட்டுப்போனதாகக் கொள்ளப்படும், பிறகு பிடிப்பவருக்கே அவை சொந்தம். கோழியும் வாத்தும் அப்படியல்ல. அவை இயல்பால் வீட்டுக்குரியவை என்பதால், மிரண்டு பறந்து கண்ணில் படாத தொலைவுக்குப் போய்விட்டாலும் அவை உடையவருக்கே சொந்தம். பிறர் எடுத்து வைத்துக்கொண்டால் அது திருட்டு.

ஆக, ரோமானியச் சட்டத்தின் பார்வையில் ஒரு கோழி ஒருநாளும் ‘ஃபெரா’ ஆக முடியாது. இனம் எதுவோ அதுவே இயல்பு. ஒரு தனி விலங்கின் வாழ்க்கையில் என்ன நடந்தாலும் அது மாறுவதில்லை. இன்றைய ‘ஃபெரல்’ இதைத் தலைகீழாக்குகிறது: வீட்டு இனத்தைச் சேர்ந்த ஒன்று தன் வாழ்க்கை வரலாற்றால் காட்டுநிலையை அடையலாம் என்பதே அதன் உட்கருத்து. இயல்பைக் குறித்த ஒரு வேரை எடுத்து வரலாற்றைக் குறிக்க வைத்திருக்கிறது ஆங்கிலம்.

19ஆம் நூற்றாண்டுக்கு இந்தக் கருத்து ஏன் தேவைப்பட்டது? வளர்ப்பு விலங்குகளை அவிழ்த்துவிட்டால் அவை சில தலைமுறைகளில் தம் காட்டு மூதாதையின் உருவத்துக்கே திரும்பிவிடும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். அது உண்மையானால் மனிதர் உண்டாக்கிய மாறுதல்கள் யாவும் மேற்பூச்சு என்றாகிவிடும். உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் 1859ஆம் ஆண்டு நூலிலேயே டார்வின் இந்த நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார். வளர்ப்பு விலங்குகளையும் பயிர்களையும் பற்றி 1868இல் அவர் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் ஃபெரல் விலங்குகளைப் பற்றிய செய்திகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவற்றுள் ஒன்று அட்லாண்டிக் கடலின் மதீரா தீவுக்கு அருகிலுள்ள போர்ட்டோ சாந்தோ தீவின் முயல்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் கப்பலில் வந்த ஒரு தாய் முயலும் அதன் குட்டிகளும் அத்தீவில் விடப்பட்டன. அவை பெருகிப் பயிர்களைத் தின்று தீர்த்ததில் குடியேறியவர்களே தீவை விட்டுப் போக நேர்ந்தது. டார்வின் காலத்தில் அந்த முயல்கள் ஐரோப்பிய முயல்களைவிட மிகச் சிறியவையாக இருந்தன. அவை மூதாதையிடம் திரும்பவில்லை, வேறொன்றாக ஆகிக்கொண்டிருந்தன.

பிற்கால அளவீடுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. வளர்ப்புப் பன்றியின் மூளை காட்டுப்பன்றியின் மூளையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சிறியது. தப்பிப் போய்ப் பல தலைமுறைகள் வெளியே வாழ்ந்த பன்றிகளிலும் அது பழைய அளவுக்கு மீளவில்லை என்றே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒட்டகத்தின் நிலை இன்னும் தெளிவானது. ஒற்றைத் திமில் ஒட்டகத்தின் காட்டு மூதாதை அற்றுப்போய் நெடுங்காலமாகிறது. ஆஸ்திரேலியாவில் உரிமையாளர் எவருமின்றித் திரியும் ஒட்டகம் திரும்பிப் போய்ச் சேர ஒரு காட்டு இனமே உலகில் இல்லை. அதனால்தான் நம் நண்பர் ‘காட்டு ஒட்டகம்’ என்று எழுதினால் இல்லாத ஓர் இனத்தை இருப்பதாகச் சொன்னதாகிவிடும். (மங்கோலியாவிலும் சீனாவிலும் உள்ள இரட்டைத் திமில் காட்டு ஒட்டகம் வேறு, அது உண்மையாகவே காட்டு இனம்.)

அந்த ஒட்டகங்களின் கதையே இச்சொல்லுக்கு நல்ல உரை. 1840இல் முதல் ஒட்டகம் அடிலெய்டின் துறைமுகத்தில் இறங்கியது. 1860கள் தொட்டு, பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தான் பகுதியிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஒட்டகங்கள், அவற்றை ஓட்டத் தெரிந்த மனிதர்களோடு கப்பலேற்றப்பட்டன. உள்நாட்டுப் பாலையில் கம்பளியும் தந்திக் கம்பங்களும் ரயில் பாதைக்கான பொருள்களும் அவற்றின் முதுகிலேயே போயின. 1920களில் மோட்டார் வண்டி வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று; ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே தெற்கு ஆஸ்திரேலியா 1925இல் ஒரு சட்டம் இயற்றியது. வளர்த்தவர்களில் பலருக்குச் சுட மனம் வரவில்லை, அவிழ்த்து விட்டார்கள். இன்று அங்கே திரிபவை அவற்றின் வழிவந்தவை. ‘ஃபெரல்’ என்ற ஒரு சொல் இவ்வளவையும் தனக்குள் வைத்திருக்கிறது.

வைல்டா, ஃபெரலா என்ற கேள்வி சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடுவதில்லை. அதில் உயிர்களின் விதி அடங்கியிருக்கிறது. வைல்ட் என்றால் பாதுகாக்க வேண்டியது. ஃபெரல் என்றால் பெரும்பாலும் அகற்ற வேண்டியது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் திரியும் மஸ்டாங் குதிரைகளை எடுத்துக்கொள்வோம். வட அமெரிக்காவின் பழைய குதிரை இனங்கள் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. இன்றுள்ளவை ஸ்பானியர்கள் கொண்டுவந்த வளர்ப்புக் குதிரைகளிலிருந்து கிளைத்தவை. ‘மஸ்டாங்’ என்ற பெயரே உரியவர் தெரியாமல் திரியும் கால்நடையைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. உயிரியல் கணக்கில் அவை ஃபெரல். ஆனால் அவற்றைக் காக்க அமெரிக்கக் காங்கிரஸ் 1971இல் இயற்றிய சட்டத்தின் தலைப்பில் ‘வைல்ட்’ என்ற சொல்தான் இடம்பெற்றது. அச்சட்டம் அவற்றை அந்நிலத்தின் முன்னோடி வரலாற்றின் உயிருள்ள சின்னங்கள் என்று போற்றுகிறது. மேய்ச்சல் நிலம் சீரழிகிறது என்று கவலைப்படுவோர் இன்றும் ‘ஃபெரல்’ என்றே எழுதுகிறார்கள். யார் எந்தச் சொல்லை எடுக்கிறார் என்பதைப் பார்த்தாலே அவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இதைவிட வியப்பானது மங்கோலியாவின் பிரேவால்ஸ்கி குதிரை. உலகில் எஞ்சியுள்ள ஒரே காட்டுக் குதிரை என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லப்பட்ட இனம் அது. 1960களின் இறுதியில் அது காட்டில் அற்றுப்போனது. விலங்குக் காட்சியகங்களில் இருந்தவற்றைக் கொண்டு 1992 முதல் மீண்டும் புல்வெளியில் விடப்பட்டது. 2018இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, அது கசகஸ்தானின் போத்தாய் என்ற இடத்தில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தது, எனவே ஃபெரல் என்றது. 2021இல் வந்த வேறோர் ஆய்வு, போத்தாய்க் குதிரைகள் வளர்க்கப்பட்டவை என்பதற்கான சான்றுகளையே மறுத்தது. குதிரை புல்லை மேய்ந்துகொண்டு அப்படியே இருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதையைக் கட்டி வைத்திருந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது. இச்சொல்லின் பொருள் விலங்கின் உடலில் இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மறுபுறம், பூனைக்கு ஐயாயிரம் ஆண்டுகள் தேவையில்லை. ஒரே தலைமுறை போதும். பூனைக்குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ ஏழாவது வாரம் வரையிலான காலத்தில் மனிதரின் கை பட்டு வளர வேண்டும். அந்தக் காலத்தை மனிதரைப் பாராமலே கழித்த குட்டி, வீட்டுப் பூனை ஈன்றதாகவே இருந்தாலும், பெரும்பாலும் மனிதரை அஞ்சியே வாழும். அதைத்தான் பூனை காப்பாளர்கள் ஃபெரல் என்கிறார்கள். வீடு தப்பி வந்து, அழைத்தால் காலைச் சுற்றும் பூனை அவர்கள் கணக்கில் வேறு. நம் ஊர்த் தெருநாய்களையும் ஃபெரல் என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெருநாய் மனிதரின் குப்பையையும் மிச்சச் சோற்றையும் டீக்கடை வாசலையும் நம்பியே வாழ்கிறது. அது எவரையும் விட்டு விலகிப் போகவில்லை.

மனிதருக்கு இச்சொல்லைப் பூட்டிய வரலாறு வேதனையானது. உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ், தம் வகைப்பாட்டு நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் மனித இனத்தின் கீழ் ‘ஃபெருஸ்’ என்று ஒரு வகையைச் சேர்த்து, நாலு காலில் நடப்பது, பேச்சற்றது, மயிரடர்ந்தது என்று அதற்கு இலக்கணம் எழுதினார். காடுகளில் தனியாகக் கண்டெடுக்கப்பட்ட சில குழந்தைகளே அவருக்குச் சான்று. 1800இல் பிரான்சின் அவெரோன் பகுதியில் காட்டிலிருந்து வெளிவந்த விக்டர் என்ற சிறுவனுக்கு இத்தார் என்ற இளம் மருத்துவர் ஐந்து ஆண்டுகள் பொறுமையாகக் கற்பித்தார். சிறுவன் சில சொற்களைப் புரிந்துகொண்டான், பேச்சு மட்டும் வரவில்லை. இத்தகைய குழந்தைகளில் பலர் கைவிடப்பட்டவர்களாகவோ கொடுமைக்கு உள்ளானவர்களாகவோ இருந்திருக்க வேண்டும் என்பதே இன்று பரவலான கருத்து. கைவிடப்பட்ட குழந்தைக்கு விலங்கின் பெயரைச் சூட்டுவது, கைவிட்டவர்களின் குற்றத்தைக் குழந்தையின் இயல்பாக மாற்றிவிடுகிறது.

இதே வேலையைத்தான் இன்றைய அரசியல் வழக்கும் செய்கிறது. 2007இல் பிரித்தானியப் பிரதமர் டோனி பிளேர், மனிதர்களையும் அவர்களின் நற்பெயரையும் கிழித்தெறியும் ‘ஃபெரல்’ விலங்கு என்று ஊடகங்களைச் சாடினார். அவர் கருதியது மூர்க்கத்தை; அது லத்தீனின் பழைய பொருளுக்கே திரும்பிய வழக்கு. 2011இல் இங்கிலாந்தின் நகரங்களில் கலவரம் நடந்தபின், நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க் ஒரு கட்டுரையில் ‘ஃபெரல்’ அடித்தட்டு என்று எழுதினார். இங்கே மூர்க்கத்தோடு இன்னொன்றும் ஒலிக்கிறது: ஒரு காலத்தில் அடங்கியிருந்து இப்போது அவிழ்ந்துபோனவர்கள் என்பது. ஏழைகளை யாரோ கட்டி வைத்திருந்தது போலவும் கட்டு தளர்ந்ததே சிக்கல் என்பது போலவும் அது சொல்கிறது. இத்தகைய இடங்களை மொழிபெயர்ப்பவர் ‘வெறிபிடித்த’ என்று எழுதினால் பாதிதான் வரும். ‘தறிகெட்ட’ என்பது முழுமையாகப் பொருந்தும். தறி என்பது விலங்கைக் கட்டும் முளை. அந்த முளையை இழந்தது என்ற படிமம் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, இழிவுக் குறிப்பும் கூடவே இருக்கிறது.

இனி தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வி. ‘காட்டு’ என்ற அடை நமக்கு ஏற்கெனவே குறிப்பிட்ட இனங்களின் பெயர்களில் ஒட்டிக்கொண்டது. காட்டுப்பன்றி ஒரு தனி விலங்கு. தப்பியோடிய பண்ணைப் பன்றியை அப்படி அழைக்க முடியாது. காட்டுமாடு என்றால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உலவும் பெரிய மாடு. ஃபெரல் பசுவுக்கு அப்பெயரைச் சூட்டினால் படிப்பவர் வேறொன்றையே நினைப்பார். காட்டுக்கோழியும் அப்படியே.

ஆனால் ஈழத்தமிழில் மிகச் சரியான ஒரு சொல் உயிரோடு வழங்குகிறது: கட்டாக்காலி. காலி என்றால் ஆநிரை, மாட்டுக் கூட்டம். ‘காலி மேய்த்தல்’ என்ற பழைய தொடரில் உள்ள அதே காலி. கட்டப்படாத காலி கட்டாக்காலி. யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களில் கட்டாக்காலி மாடு, கட்டாக்காலி நாய் ஆகியவற்றை அடிக்கடி காணலாம். மாட்டைக் குறித்த சொல் விரிந்து நாயையும் தழுவிக்கொண்டதால், ஒட்டகத்தையும் அது தழுவத் தடையில்லை. மஸ்டாங் என்ற பெயர் பிறந்த அதே வாழ்க்கையிலிருந்து, உடையவனைத் தேடும் மேய்ப்பரின் கண்ணிலிருந்து இச்சொல்லும் பிறந்திருக்கிறது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் வளர்க்கப்பட்டு, அவர்கள் போனபின் நெடுந்தீவின் வெளிகளில் தாமாகவே பெருகிய குதிரைகளை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்குக் காட்டுக்குதிரை என்ற பெயர் பொருந்தாது, அங்கே காடும் இல்லை. தமிழகத்தின் கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான்களோடு ஒரே புல்லை மேயும் மட்டக்குதிரைகளும் இந்த வகையினவே. வெளிமான் வைல்ட், குதிரை ஃபெரல் என்ற வேறுபாட்டை ஒரே வெளியில் நின்று பார்க்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். கட்டாக்காலிக்கு உடையவர் இருக்கலாம். மாலையில் அது வீடு திரும்பலாம். ரோமானியச் சட்டத்தின் மொழியில் சொன்னால், திரும்பும் எண்ணம் அதற்கு இன்னும் போகவில்லை. ஃபெரல் விலங்குக்கு அது போய்விட்டது, பெரும்பாலும் பல தலைமுறைகளுக்கு முன்பே. எனவே அறிவியல் கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் ‘வளர்ப்பிலிருந்து விலகிக் காட்டுநிலை அடைந்த ஒட்டகங்கள்’ என்று நீட்டியே எழுதிவிட்டு, பின்வரும் இடங்களில் ‘கட்டாக்காலி ஒட்டகங்கள்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். பண்ணையிலிருந்து சிதறிய விதையில் சாலையோரம் முளைத்துத் தானாகப் பெருகும் பயிர்களையும் ஆங்கிலம் ஃபெரல் என்றே சொல்கிறது. அங்கே காலி பொருந்தாது, ‘வயல் தப்பிய பயிர்’ என்று எழுதுவேன்.